மூன்றாம் புத்தகத்தில் இறந்தவன்

என் சிநேகிதியிடம் நான்கு ஆண்டுகள் பொய் சொன்னேன். ஒரு கதையைப் பற்றிய பொய். கதைதானே என்று நீங்கள் சிரிக்கலாம்... நானும் அப்படிச் சொல்லித்தான் என்னைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் அந்தப் பொய்யால் ஒரு பெண்ணின் வாழ்க்கை நின்ற இடத்திலேயே நின்றது. நிறுத்தியவள் நான்!

யாழ்ப்பாணக் கடலோரத்தில் குருநகரில் பிறந்து, இன்றும் அங்கேயே இருப்பவள் நான். கொக்குவிலில் ஒரு பாடசாலையில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். தனியாள். நோர்வேயிலிருந்து மாமா ஒருமுறை பெட்டி அனுப்பியபோது, சொக்கிலேற்றுகளுக்கும் சேட்டுத் துணிகளுக்கும் அடியில் ஐந்து தடித்த ஆங்கிலப் புத்தகங்களும் வந்தன. ஒரே கதையின் ஐந்து பாகங்கள். மூடுபனி சூழ்ந்த கடல், அதில் தீவுகள், பனிக்குள் போனால் திரும்பாத கப்பல்கள்... தாள்கள் கழன்று வரும்வரை வாசித்தேன். அந்தத் தீவுகளின் படத்தை இப்போதும் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன்.

நான்கு வீடு தள்ளி றெஜினா இருந்தாள். முதலாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவள். வீட்டில் தையல் மெஷின் வைத்து ஊர்ப் பெண்களுக்குச் சட்டை தைத்துக் கொடுத்தாள். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. ஆனால் கதை என்றால் உயிர். ஆகவே சனிக்கிழமைப் பின்னேரங்களில் புத்தகத்தோடு அவள் வீட்டுக்குப் போவேன். அவள் தைப்பாள், நான் வாசித்து வாசித்துத் தமிழில் சொல்வேன். கதை இறுகும் இடத்தில் அவளுடைய கால் மிதிப்பதை நிறுத்திவிடும். மெஷின் ஓசை அடங்கும். அந்த அமைதிக்காகவே நான் கிழமை முழுக்கக் காத்திருந்தேன் என்று சொன்னால் நம்புவீர்களா?

அவளுக்குப் பிடித்தவன் டோறெக் என்ற கப்பல் தலைவன். இரண்டாம் புத்தகத்தில் அவன் பனிக்குள் போகிறான். மனைவி வென்னா கரையில் காத்திருக்கிறாள். றெஜினாவுக்கு அவனை ஏன் பிடித்தது என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையுமில்லை. அவளுக்கு நிச்சயித்திருந்த அன்ரன், அவுஸ்திரேலியாவுக்கென்று வள்ளம் ஏறிப்போய் அப்போது மூன்று ஆண்டுகள். போனவர்களில் ஒருவரிடமிருந்தும் ஒரு அழைப்புக்கூட வரவில்லை.

இனி அந்த நாளைச் சொல்ல வேண்டும். எத்தனையோ முறை இந்த இடத்தில் நிறுத்தியிருக்கிறேன்...

மன்னாரிலிருந்து றெஜினாவுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. ஐஸ் கொம்பனியில் வேலை செய்பவர், அமைதியான மனிதர். அவளுடைய தாய் ஒரு வெள்ளிக்கிழமை பாடசாலை விடும் நேரம் பார்த்து, கொக்குவிலுக்கே பஸ் ஏறி வந்தா. வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டா.

“பிள்ளை, அன்ரன் இனி வரமாட்டான் எண்டு எங்கள் எல்லாருக்கும் தெரியும். அவளுக்கு ஆர் சொல்லுறது? நீ சொன்னாக் கேப்பாள். எனக்காக ஒருக்கால் கதைச்சுப் பார்.”

“ஓம் அன்ரி, கதைக்கிறன்” என்றேன்.

மறுநாள் சனிக்கிழமை. மூன்றாம் புத்தகத்தில் நாங்கள் வந்து சேர்ந்திருந்த இடம் எது தெரியுமா? டோறெக்கின் மரணம்! அதை எழுதியவர் மூன்றே வரிகளில் முடித்துவிட்டார். உடைந்த கப்பலின் பலகை ஒன்று கரை ஒதுங்குகிறது, அதில் அவன் தன் கையால் செதுக்கிய பெயர். அவ்வளவுதான். அதற்குப் பிறகு வென்னா அழுகிறாள், நெடுநாள் அழுகிறாள். பின்பு நான்காம் புத்தகத்தில் அவளே ஒரு கப்பல் கட்டி, வேறொரு தீவில் வேறொருவனோடு வாழத் தொடங்குகிறாள். ஐந்து புத்தகங்களிலும் மிக அழகான பகுதி அதுதான்.

நான் செய்ய வேண்டியதெல்லாம் அச்சில் இருந்ததை அப்படியே வாசிப்பது மட்டுமே. தாய் கேட்டதை அந்தப் புத்தகமே என் சார்பில் சொல்லியிருக்கும்!

வாசித்தேன். பலகை வரைக்கும் வந்தேன். மெஷின் நின்றது.

“எடி, என்ன நிப்பாட்டிப் போட்டாய்? டோறெக் இருக்கிறானோ?” என்று கேட்டாள்.

நான் தாளைப் புரட்டினேன்.

“இருக்கிறான். பனிக்குள்ளை ஒரு தீவிலை சிறை வைச்சிருக்கினம்.”

“உண்மையாவோ? உதிலை அப்பிடி இருக்கோ?”

“ஓமடி. இதிலை இருக்கு.”

அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அப்படியொரு வெளிச்சம்... மீண்டும் மிதிக்கத் தொடங்கினாள். சற்று நேரம் கழித்துத் தானாகவே சொன்னாள்: “அம்மா மன்னார்ச் சம்பந்தம் ஒண்டு கதைக்கிறா. நான் வேண்டாமெண்டு சொல்லப்போறன்.”

நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு சொல்கூட!

அதற்குப் பின் நான் கதையை வாசிக்கவில்லை, எழுதினேன். பாடசாலை இடைவேளைகளில், பிள்ளைகளின் கொப்பிகளுக்கு நடுவில் என்னுடைய ஒரு கொப்பியை வைத்து, டோறெக்கின் சிறையை எழுதினேன். அவன் தப்புவதையும், பிடிபடுவதையும், மறுபடி தப்புவதையும் எழுதினேன். அவன் வீடு வந்து சேரத்தான் விடவில்லை. வந்து சேர்ந்தால் கதை முடிந்துவிடுமே! சனிக்கிழமைகளில் அந்தக் கொப்பியைப் புத்தகத்துக்குள் மறைத்துவைத்து வாசித்தேன். நான்கு ஆண்டுகள். வென்னா கரையை விட்டு அசையவேயில்லை. அவள் கட்டிய கப்பலை நான் அவளுக்குத் தரவில்லை.

பிறகு அந்தச் செய்தி வந்தது: எங்கள் புத்தகங்களைத் தொலைக்காட்சித் தொடராக எடுக்கிறார்கள்!

என்னைப் போன்ற வாசகர்கள் கூடும் இணையப் பக்கங்களில் அன்றே சண்டை தொடங்கியது. புத்தகத்தில் உள்ளதை மாற்றிவிடுவார்கள், கெடுத்துவிடுவார்கள் என்று எல்லோரும் கொதித்தார்கள். வேறொரு காலமாக இருந்தால் நானும் கொதித்திருப்பேன். நான் நேசித்த பக்கங்களை யாரோ வெட்டி ஒட்டுவதைப் பொறுக்க என்னால் முடியாது. ஆனால் அப்போது... மாற்றுங்கள், தயவுசெய்து மாற்றுங்கள் என்று மன்றாடிய ஒரே வாசகி உலகத்தில் நானாகத்தான் இருப்பேன். டோறெக்கைச் சாகடியாதீர்கள்! கோயிலில் முழங்காலில் நின்று இதற்காகச் செபித்தேன். வெட்கம்தான், ஆனாலும் சொல்கிறேன்.

அவர்கள் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. பலகையைக்கூட விடவில்லை.

தமிழில் குரல் கொடுத்து அந்தத் தொடர் கைப்பேசிகளுக்கு வந்தது. பார்க்காதே, புத்தகம் போல இராது என்று றெஜினாவிடம் பலமுறை சொன்னேன். அவளுடைய அண்ணையின் மகள் பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டாள்.

ஞாயிறு பூசை முடிந்து நேரே என் வீட்டுக்கு வந்தாள். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

“டோறெக் செத்துப்போனான்” என்றாள்.

“அவங்கள் மாத்திப் போட்டாங்கள்...”

“பொய் சொல்லாதை. மருமகள் தேடிப் பாத்துச் சொன்னவள். புத்தகத்திலையும் அப்பிடித்தான்.” பிறகு மெதுவாகக் கேட்டாள்: “அந்த வென்னாப் பெட்டை கப்பல் கட்டிக்கொண்டு போறாளாம். அதையும் ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

நான் மறுபடியும் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினேன்.

“அந்த நேரம் அம்மா உன்னட்டை வந்தவ, என்ன? நீ கதைக்கிறனெண்டு சொன்னனியாம். அம்மா நேற்றுத்தான் சொன்னவ.”

“ஓம்.”

“ஏன் அப்பிடிச் செய்தனி?”

“உனக்கு நோகக்கூடாதெண்டு” என்றேன்.

இதோ, நான் உங்களிடம் சொல்ல வந்தது இதுதான். முதலில் சொன்ன பொய்யை விட இந்த இறுதிப் பொய்தான் என்னை அரிக்கிறது. அவளுக்கு நோகக்கூடாது என்பதற்காக நான் அதைச் செய்யவில்லை! அவள் மன்னாருக்குப் போய்விட்டால் என் சனிக்கிழமைகள் என்னாவது என்றுதான் அன்றைக்குத் தாளைப் புரட்டினேன். அன்ரன் திரும்பி வரவேண்டும் என்று நான் ஒருநாளும் விரும்பியதில்லை. அவள் காத்திருக்க வேண்டும் என்றுதான் விரும்பினேன். காத்திருக்கும்வரை அவள் நான்கு வீடு தள்ளியே இருப்பாள் அல்லவா?

றெஜினா வாசல் பக்கம் திரும்பினாள். அந்தப் பதிலை நம்பினாளோ, தெரியாது. “எனக்கு முப்பத்தாறு வயசு” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த ஆண்டு அவள் கலியாணம் செய்தாள். மன்னார்க்காரர் எப்போதோ வேறிடத்தில் கலியாணம் முடித்துவிட்டார். அவள் கட்டியவர் மனைவியை இழந்தவர், இரண்டு பிள்ளைகளின் தகப்பன், முல்லைத்தீவு. எனக்கு அழைப்பு வரவில்லை. அன்ரனைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.

அந்தக் கொப்பிகளைத் தட்டச்சு செய்து, ஒரு புனைபெயரில், வாசகர் கதைகள் எழுதும் தளமொன்றில் போட்டேன். ஏன் என்று கேட்காதீர்கள்... எங்கேயாவது, யாருடைய கைப்பேசியிலாவது அவள் வாசிப்பாள் என்ற ஆசையாக இருக்கலாம். முன்பின் தெரியாதவர்கள் வந்து, மூலக் கதையை விட இது நன்றாக இருக்கிறது என்று எழுதுகிறார்கள். டோறெக் எப்போது வீடு வருவான் என்று கேட்கிறார்கள். ஒவ்வொரு புதிய பெயரையும் அவளாக இருக்குமோ என்று திறந்து பார்க்கிறேன். ஒருநாளும் அவளில்லை.

போன ஆனியில் யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் அவளைக் கண்டேன். கையில் இரண்டு பைகள், பக்கத்தில் உயரமான ஒரு பெண்பிள்ளை. சற்றுப் பருத்திருந்தாள், வடிவாக இருந்தாள். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் நல்லது என்றுகூட நினைத்தேன். அவள் சிரித்தாள்... தெரிந்தவர்களைக் கண்டால் எல்லோரும் சிரிப்பார்களே, அப்படி.

“எப்பிடிச் சுகமா இருக்கிறீங்களோ? இப்பவும் உந்தப் பள்ளிக்கூடத்திலைதான் படிப்பிக்கிறீங்களோ?” என்று கேட்டாள்.

முதலாம் வகுப்பிலிருந்து என்னை ‘நீ’ என்றும் ‘எடி’ என்றும் கூப்பிட்டவள்.

“ஓம்” என்றேன். அவளுடைய பஸ் வந்தது.