பாலத்துக்குக் கீழே இடது லேன்

எனக்கு எதையும் சட்டென்று நம்பிப் பழக்கமில்லை. பால் கேனில் போட்டிருக்கும் தேதியை நம்பமாட்டேன், மோந்து பார்ப்பேன். கடையில் பில் போடுகிற பெண் கொஞ்சம் அதிகமாகச் சிரித்தால் பில்லை இரண்டு தடவை படிப்பேன். "உனக்கு சந்தேகம்தான் சாப்பாடு, மத்ததெல்லாம் தொட்டுக்க" என்பார் என் வீட்டுக்காரர். சொல்லிவிட்டுப் போகட்டும். எங்கள் வீட்டில் யாரும் ஏமாறாமல் இருந்தது என் புண்ணியத்தில்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் அமெரிக்காவில், நியூ ஜெர்சியின் பிஸ்கட்டவே ஊரில் ஓர் அபார்ட்மென்டில் இருந்தோம். அவருக்கு சாஃப்ட்வேர் வேலை, எச்-ஒன் விசா. கிரீன் கார்டு விண்ணப்பம் கடைசிக் கட்டத்துக்கு வந்திருந்தது. அதனால் எனக்கும் வேலை பார்க்க அனுமதி அட்டை கிடைத்து, ஒரு மருந்துக் கம்பெனியின் லேபில் சேர்ந்திருந்தேன். மகளுக்கு அப்போது மூன்று வயது.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பிரிட்ஜ்வாட்டர் கோயிலுக்குக் கிளம்பினோம். 287 ஹைவேயில், வலது ஓர லேனில் அவர் நிதானமாக ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு பாலத்தின் கீழே நுழையப் போகும் நேரம், என் முகத்துக்கு நேராக டமார் என்று ஒரு சத்தம். முன் கண்ணாடி முழுக்க விரிசல். என் பக்கம் எதுவுமே தெரியவில்லை, வெள்ளையாக இருந்தது. கண்ணாடித் துகள் என் பட்டுப் புடவை மடியில் கொட்டியது. பின்னால் குழந்தை வீலென்று அலறினாள். அவர் எப்படியோ வண்டியை ஓரம் கட்டினார்.

இறங்கிக் குழந்தையைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. அப்புறம்தான் திரும்பிப் பாலத்தைப் பார்த்தேன். மேலே யாரோ நிற்பது போல இருந்தது, தலையில் தொப்பி போட்ட மாதிரி. அடுத்த நிமிஷம் அங்கே ஒருவருமில்லை. கல் கண்ணாடியில் அடித்துத் தெறித்து எங்கேயோ போய்விட்டது. அரை அடி தள்ளி விழுந்திருந்தால் என் கதை அன்றைக்கே முடிந்திருக்கும்.

"வேணும்னே போட்டிருக்காங்க. என் பொட்டையும் புடவையையும் பார்த்துட்டுப் போட்டிருக்காங்க" என்றேன்.

"அறுபது மைல் வேகத்துல வர்ற வண்டிக்குள்ள உன் பொட்டு மேலேர்ந்து தெரியுமாடி? கொஞ்சம் சும்மா இரு."

"போலீஸைக் கூப்பிடலாமா?"

அவர் என்னை முறைத்த முறைப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது. "வேலியில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கச் சொல்றியா? ஃபைல் இமிக்ரேஷன்ல இருக்கு. இப்ப போய் நம்ம பேர் போலீஸ் கம்ப்யூட்டர்ல ஏறணுமா? லாரியிலேர்ந்து ஜல்லி விழுந்துச்சுன்னு இன்ஷூரன்ஸ்ல சொல்லிக்கலாம்."

கல்லடி பட்டவர்களுக்கு கிரீன் கார்டு கொடுக்கமாட்டோம் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். ஆனாலும் பயம் என்று ஒன்று வந்துவிட்டால் படித்த படிப்பெல்லாம் காற்றில் போய்விடும். பழியை அவர் தலையில் மட்டும் கட்டமாட்டேன். நானும் சரி என்றுதான் சொன்னேன்.

அந்த விரிசல் கண்ணாடியோடு ஊர்ந்து ஊர்ந்து கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தோம். பார்க்கிங் லாட்டில் எங்கள் காரைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. எங்களுக்குத் தெரிந்த ஆன்ட்டி ஒருவர் ஓடி வந்தார். அமெரிக்காவில் இருபது வருஷமாக இருப்பவர், சிட்டிசன். நியூ ஜெர்சித் தமிழ்க் குடும்பங்கள் அத்தனை பேரின் போன் நம்பரும் அவர் நாக்கு நுனியில்.

"அய்யய்யோ, குழந்தைக்கு ஒண்ணும் ஆகலையே? அந்தப் பிரிட்ஜா? அங்கதாம்மா போன மாசம் ஒருத்தர் வண்டி மேல சோடா பாட்டில் விழுந்தது. அதுக்கு முன்னாடி இன்னொருத்தருக்கு முட்டை."

"போலீஸ்ல சொன்னாங்களா ஆன்ட்டி?"

"எதுக்கும்மா வம்பு? ஒருத்தர் இப்பதான் விசா மாத்தியிருக்கார். இன்னொருத்தருக்கு சிட்டிசன்ஷிப் இன்டர்வியூ வருது. எறிஞ்சவன் யார்னு தெரியாது, நாளைக்கு வீடு தேடி வந்தா?"

இருபது வருஷ சிட்டிசனே இப்படிச் சொன்ன பிறகு எங்களுக்கென்ன? அன்று சாயங்காலத்துக்குள் ஆன்ட்டி எல்லா வீட்டுக்கும் போன் போட்டுவிட்டார். நானும் ஏழெட்டு வீட்டுக்குச் சொன்னேன். எறிகிறவன் பாலத்தில் மரங்கள் இருக்கும் பக்கம், வலது லேனுக்கு மேலேதான் நிற்பான், அப்போதுதான் சட்டென்று ஓடி மறைய முடியும் என்று எங்கள் என்ஜினீயர்கள் கண்டுபிடித்தார்கள். ஆகவே அந்தப் பாலம் வருவதற்கு முன்னாலேயே இடது லேனுக்கு மாறிவிட வேண்டும். இதுதான் செய்தி. அடுத்த வாரத்திலிருந்து எங்கள் ஜனம் மொத்தமும் அந்த இடத்தில் இடது லேனில் போக ஆரம்பித்தது.

எனக்கு அதோடு மனசு ஆறவில்லை. வேலைக்குப் போகிற வழியும் அதே 287-தான். அந்தப் பாலத்தில் எவன் தலை தெரிந்தாலும் எனக்கு அவன்தான் கல் எறிந்தவன். நாய் பிடித்துக்கொண்டு நடக்கிற ஒரு கிழவரை மூன்று வாரம் சந்தேகப்பட்டேன். கீழே போகிற வண்டிகளைப் பார்த்துக் கை ஆட்டுவார். எதற்கு ஆட்டுகிறார், என்ன உள்நோக்கம்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது எனக்கும் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம், பாலம் வரும்போதெல்லாம் தலை தானாகக் குனிந்தது.

கடைசியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, நேராக அந்தப் பாலத்துக்கே போனேன். காரை ஓரமாக விட்டு, நடைபாதையில் நடந்தேன். இடுப்பளவு கட்டைச்சுவர், அதன் மேல் துருப்பிடித்த ஒரு கம்பி. அவ்வளவுதான் தடுப்பு. மரங்கள் பக்கத்து ஓரத்தில், சுவர் மேல் மூன்று கற்கள். சின்னது, அடுத்தது, பெரியது என்று கொலுவில் பொம்மை அடுக்கின மாதிரி வரிசையாக வைத்திருந்தார்கள். விளையாட்டுக்குக் கையில் கிடைத்ததை எறிகிறவன் வேலையில்லை இது. நாளைக்கென்று எடுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

பெரிய கல்லைத் தூக்கினேன், நல்ல கனம். அதற்குள் கீழேயிருந்து ஒரு ஹாரன். லாரிக்காரன் ஒருவன் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என்னைக் காட்டிக் கத்திக்கொண்டே போனான். சல்வார் கமீஸ், கையில் கல். அவன் வேறு என்ன நினைப்பான்? மூன்று கற்களையும் அள்ளிக் கார் டிக்கியில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்து, அபார்ட்மென்ட் குப்பைத் தொட்டிக்குப் பின்னால் தள்ளினேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னதும் அவர் தலையில் அடித்துக்கொண்டார். "பிரமாதம். இப்ப நீயே சஸ்பெக்ட். கையெடுத்துக் கும்பிடறேன், இதோட விடு."

விட்டுவிட்டேன். போலீஸுக்குப் போகாததற்கு இன்னொரு காரணம் கிடைத்தது.

லேபில் எனக்கு அடுத்த மேஜை ஒரு அமெரிக்கப் பெண்மணியுடையது. ஐம்பது வயதிருக்கும், தனியாக இருந்தாள். எனக்கு ஹைவேயில் ஓட்டக் கற்றுக்கொடுத்தது அவள்தான். ஆபீஸ் விட்டதும் தன் வண்டியிலேயே என்னை உட்கார வைத்து, "போ, போ, மற்ற வண்டிகள் உனக்காக நிற்காது" என்று 287-ல் ஏற்றிவிட்டவள். என் எலுமிச்சை சாதத்துக்கு அடிமை. அவளும் தினமும் காலையில் அந்தப் பாலத்தைத் தாண்டித்தான் வருவாள்.

அவளுக்கு நான் சொல்லவில்லை.

மறந்துபோய்விட்டேன் என்று எழுதினால் படிக்கிறவர்கள் நம்பிவிடுவார்கள். ஆனால் மறக்கவில்லை. இரண்டு தடவை வாய் நுனி வரை வந்தது. அவள் எப்படிப்பட்டவள் என்றால், ரோட்டில் ஒரு தெருவிளக்கு எரியாவிட்டால் முனிசிபாலிட்டிக்குப் போன் போடுவாள். சொன்னால் அடுத்த நிமிஷம் போலீஸைக் கூப்பிடுவாள். "என் ஃப்ரெண்ட் இங்கே இருக்கிறாள், அவளே பேசுவாள்" என்று ரிசீவரை என் கையில் கொடுப்பாள். அது வேண்டாம் என்றுதான் வாயை மூடிக்கொண்டேன்.

நவம்பரில் ஒரு வியாழக்கிழமை அவள் வேலைக்கு வரவில்லை. பத்து மணிக்கு சூப்பர்வைசர் வந்து சொன்னார். காலையில் வரும் வழியில் பாலத்திலிருந்து யாரோ கல் போட்டார்களாம். கண்ணாடியைப் பிளந்துகொண்டு உள்ளே வந்துவிட்டதாம். ஆஸ்பத்திரியில் இருக்கிறாளாம். எந்தப் பாலம் என்று எல்லோரும் கேட்டார்கள். நான் கேட்கவில்லை. பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாயில் துப்பட்டாவை வைத்து அழுதேன்.

உயிருக்கு ஆபத்தில்லை. இடது கண் போய்விட்டது. இரண்டு மாதம் கழித்துக் கண்ணைக் கறுப்புத் துணியால் மூடிக்கொண்டு வேலைக்குத் திரும்பினாள். வண்டி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் கூட்டிவருகிறேன், கொண்டுவிடுகிறேன் என்று முந்திக்கொண்டு சொன்னேன். லேபில் எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். "இந்தியர்களுக்கே உரிய குணம்" என்றார் சூப்பர்வைசர். எங்கே போய் முட்டிக்கொள்வது?

ஒருநாள் காரில் வரும்போது அவளே சொன்னாள். அவள் பேசினது இங்கிலீஷில்தான், ஆனால் என் மனசில் அது தமிழாகவே தங்கிவிட்டது.

"எறிஞ்சது யார்னு கண்டுபிடிக்க முடியலையாம். போலீஸ்காரர் ரொம்ப வருத்தப்பட்டார். அந்தப் பாலத்தைப் பத்தி இதுவரைக்கும் ஒரு புகார்கூட வந்ததில்லையாம். ஒரே ஒருத்தர் போன் பண்ணியிருந்தாலும் ஒரு ஆளைப் போட்டுப் பார்த்திருப்போம்னார். இப்ப கம்பி வலை போடப்போறாங்க."

"ம்" என்றேன்.

"நீ ஏன் எப்பவும் இந்த உள் ரோட்டிலேயே சுத்திப் போறே? இருபது நிமிஷம் அதிகமாகுதே. எனக்காகவா? எனக்கு அந்தப் பாலத்துல போக பயமில்லை."

ஆமாம், உனக்காகத்தான் என்று சொல்லியிருக்கலாம். அவளும் நம்பியிருப்பாள், இன்னும் கொஞ்சம் அன்பாகவும் இருந்திருப்பாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. உலகத்தில் யாரையும் நம்பாத என்னை இவள் இப்படி நம்புகிறாளே.

"செப்டம்பர்ல எங்க வண்டி மேலயும் அங்கதான் கல் விழுந்தது" என்றேன்.

நான் ரோட்டையே பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினேன். குழந்தை, சோடா பாட்டில், முட்டை, விசா, சுவர் மேல் இருந்த மூன்று கற்கள். எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் போன் பண்ணிச் சொன்னதையும், எல்லோரும் இடது லேனில் போனதையும் சொன்னேன்.

என் பக்கம் இருந்தது அவளுடைய மூடிய கண். என்னைப் பார்க்க வேண்டுமென்றால் அவள் முழுசாகத் திரும்ப வேண்டும். திரும்பினாள்.

"எல்லாருக்கும் சொன்னியா?"

"எங்க ஆளுங்களுக்கெல்லாம்."

"எனக்கு?"

போலீஸுக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். அதற்குச் சாக்குச் சொல்ல என்னிடம் கிரீன் கார்டு இருந்தது, ஃபைல் இருந்தது, ஆன்ட்டி இருந்தார். இதற்கு உண்மையைத் தவிர வேறொன்றும் இல்லை.

"உன்கிட்ட சொன்னா நீ போலீஸைக் கூப்பிடுவேன்னு எனக்குத் தெரியும்."

"ஆமா" என்றாள், கோபமே இல்லாமல். "கூப்பிட்டிருப்பேன்."

அவள் வீட்டு வாசலில் நிறுத்தினேன். கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். மறுநாளிலிருந்து அவளுடைய தங்கை கொண்டுவந்து விட்டாள்.