அட்டையில் ஒன்பது பெயர்கள்

நிலோஃபருக்கு இருபது வயது. ஏற்காடு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அவளுடைய அத்தா அப்துல் சமது மிளகு, கிராம்பு, காப்பித்தூள் விற்கிற கடை வைத்திருக்கிறார். அவள் சேலத்தில் ஒரு கல்லூரியில் காட்சித் தொடர்பியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். காலை பஸ்ஸில் மலையிறங்கி, சாயங்கால பஸ்ஸில் திரும்புவாள்.

அந்தப் பருவத்தில் அவர்களுக்குக் கொடுத்த வேலை, பதினைந்திலிருந்து இருபது வயதுக்காரர்களுக்கு ஓர் இசைப் பத்திரிகை வடிவமைப்பது. அட்டை, பொருளடக்கம், இரண்டு பக்கக் கட்டுரை. படங்களைச் சொந்தமாக எடுக்க வேண்டும். அட்டையில் ஒரு பாடகரின் முகம், வாசகரை நேராகப் பார்த்தபடி, பெரிதாக இருக்க வேண்டும். இது பேராசிரியர் ஆண்டனி ராஜ் வைத்த விதி.

யார் படிப்பார்கள் என்று முதலில் விசாரிக்கச் சொல்லியிருந்தார். நிலோஃபர் தான் படித்த பள்ளிக்கே போய் நாற்பது பேரிடம் கேள்வித்தாள் கொடுத்தாள். முப்பத்தாறு பேர் பத்திரிகையே வாங்கியதில்லை என்று எழுதியிருந்தார்கள். ஒரு பெண் கேள்விகளையெல்லாம் விட்டுவிட்டு ஓரத்தில் எழுதியிருந்தாள்: ‘பாட்டு போன்லயே இருக்கு. புக்குல என்னங்க இருக்கும்?’

அதைப் படித்ததும் நிலோஃபர் மின்னல் கோடுகளும் நட்சத்திரங்களுமாக வரைந்து வைத்திருந்த பக்கங்களை அழித்தாள். ஒரு பாட்டு எப்படி உண்டானது என்பது போனில் கிடைக்காது. அதைக் கொடுக்கலாம் என்று பட்டது.

ஆள் பக்கத்திலேயே இருந்தாள். வாழவந்தி கிராமத்துச் சிவரஞ்சனிக்கு இருபத்து நான்கு வயது. எஸ்டேட்டில் காப்பிப்பழம் பறிக்கிறவள். போனிலேயே தாளம் அமைத்து, தானே எழுதிய வரிகளைப் பாட்டும் பேச்சுமாகச் சொல்லிப் பதிவிடுவாள். பதிவில் பெயர் வேறு, முகமும் கிடையாது. கடைக்கு மிளகு கொண்டுவருகிற அவள் அப்பா ஐயாக்கண்ணு ஒருநாள் பெருமை தாங்காமல் சொல்லிவிட்டதால்தான் நிலோஃபருக்குத் தெரியும்.

எஸ்டேட்டில் வருகைக் கணக்கு எழுதுகிற ரைட்டர் காலையில் ஆள் எடுக்கும்போது பெண்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார். அவராக வைத்த பட்டப்பெயர்தான். ‘குட்டச்சி’, ‘ஒட்டடக்குச்சி’, இப்படி ஒன்பது, சிவரஞ்சனிக்கும் சேர்த்து. ஒவ்வொரு பட்டப்பெயருக்கும் பிறகு அந்தப் பெண்ணின் உண்மைப் பெயரைச் சொல்வதுதான் சிவரஞ்சனியின் பாட்டு.

“இதுக்கு எப்படிங்க அக்கா தாளம் போட்டீங்க?” என்று நிலோஃபர் கேட்டாள்.

“நான் எங்க கண்ணு போட்டேன்? அவரு கூப்பிடறதே ஒரு தாளத்துலதான் கூப்பிடுவாரு. நடுவுல பேரை மட்டும் வெச்சேன்.”

ஐயாக்கண்ணு வீட்டுக் களத்தில், காய்கிற காப்பிக்கு நடுவே சிவரஞ்சனியை நிற்கவைத்து நிலோஃபர் படம் எடுத்தாள். அந்தப் படத்தைப் பார்த்த வகுப்புத் தோழி திவ்யா, இதற்குத்தான் முதல் மதிப்பெண் என்றாள்.

சமர்ப்பிக்க நான்கு நாள் இருக்கும்போது சிவரஞ்சனி கடைக்கு வந்தாள்.

“கண்ணு, அந்தப் போட்டோ வேண்டாம்.”

“ஏனுங்க அக்கா? நல்லாத்தான வந்திருக்கு?”

“நொம்ப நல்லா வந்திருக்கு. அதான் பயமா இருக்கு. பாடுனது யாருன்னு எஸ்டேட்டுல விசாரிக்கறாங்க. மூஞ்சி தெரிஞ்சா எனக்கு வேலை இருக்காது. ஊட்ல மாசம் பூரா வேலைக்குப் போறவ நான் ஒருத்திதான்.”

“மூணே புக்குதாங்க அக்கா அடிக்கறோம். காலேஜத் தாண்டிப் போகாது.”

“யாராச்சும் போன்ல படம் புடிச்சுப் போட்டா?”

நிலோஃபருக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. முகத்தை மங்கலாக்கிப் பார்த்தாள். கண்ணில் கறுப்புப் பட்டை போட்டுப் பார்த்தாள். குற்றவாளியின் படம் போல இருந்தது. கடைசியில் படத்தையே எடுத்துவிட்டு, சிவரஞ்சனியைப் போனில் கூப்பிட்டாள். பாட்டில் வருகிற ஒன்பது பெயர்களை மட்டும் அட்டையில் போடலாமா என்று கேட்டாள்.

மறுநாள் பதில் வந்தது. “மத்த எட்டுப் பேருகிட்டயும் கேட்டேன். சரின்னுட்டாங்க. எழுத்து மட்டும் பெருசா இருக்கோணுமாம்.”

கமலா, ராசம்மாள், தேவகுமாரி என்று தொடங்கி ஒன்பது பெயர்கள் அட்டை முழுவதும் நிறைந்தன. பாடியது அந்த ஒன்பது பேரில் யார் என்பதும் கட்டுரையில் இல்லை, ஊரும் இல்லை.

“அட்டையில முகம் எங்கம்மா?” என்றார் ஆண்டனி ராஜ்.

“எடுத்த படம் சரியா வரலைங்க சார்.”

அவர் கட்டுரையை முழுக்கப் படித்தார். “இது நல்லா இருக்கு. ஆனா கேட்டது முகம்” என்று சொல்லி ஐம்பத்தெட்டு மதிப்பெண் போட்டார். திவ்யாவுக்கு எண்பத்தொன்று. நிலோஃபர் வீட்டில் மதிப்பெண்ணைச் சொன்னாள்; காரணத்தைச் சொல்லவில்லை. ஒரு வாரம் கணினியைத் திறக்கவுமில்லை.

ஒரு பிரதியைச் சிவரஞ்சனிக்குக் கொடுத்தாள். அது மதியச் சாப்பாட்டு நேரத்தில் கைமாறிக்கொண்டே போனது. தேவகுமாரியின் பெயரில் ஒரு துணைக்கால் விட்டுப்போயிருந்ததைத் தேவகுமாரியே கண்டுபிடித்தாள். நிலோஃபர் அட்டையைத் திருத்தி மறுபடி அச்சடித்துக் கொண்டுபோனாள். அந்தத் தடவை மற்ற எட்டுப் பேரும் தங்கள் பெயரை எழுத்துக்கூட்டிப் பார்த்த பிறகுதான் அவளைப் போக விட்டார்கள்.

எஸ்டேட்டில் விசாரணை தானாக அடங்கிவிட்டது. ரைட்டர் இப்போது பாதி நாள் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார் என்கிறாள் சிவரஞ்சனி. அவள் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறாள். நிலோஃபர் மூன்றாம் ஆண்டு முடிக்கப்போகிறாள். சனிக்கிழமைகளில் சேலத்தில் ஓர் அச்சகத்தில் அழைப்பிதழ்கள் வடிவமைக்கிறாள். பெயர்களை இரண்டு முறை சரிபார்ப்பவள் என்று அங்கே அவளுக்கு நல்ல பெயர்.