கூண்டுக்குள் சுழன்ற சக்கரம்

அப்போது எனக்கு ஒன்பது வயது. கட்டாரில் விலையுயர்ந்த மணிக்கூடுகள் திருத்தும் இடத்தில் வேலை செய்த மாமா, லீவில் எங்கள் ஊர் சாய்ந்தமருதுக்கு வந்திருந்தார். உம்மாவின் ஒரே தம்பி. வந்தவர் கடற்கரைக்குக்கூட என்னைக் கூட்டிப்போகாமல், ஜன்னலோர மேசையில் குனிந்தே கிடந்தார். இரண்டு வருடமாகத் தானே அராவிச் செய்த மணிக்கூட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் முகப்பில் ஒரு துவாரம். உள்ளே நகமளவு உருக்குக் கூண்டு. கூண்டுக்குள் துடிக்கும் சக்கரம். கூண்டு நிமிடத்துக்கு ஒருமுறை முழுதாகச் சுற்றிவரும்.

"இது ஏன் மாமா சுத்துது?"

"முந்தி மணிக்கூட்ட சட்டைப் பைக்குள்ள நிறுத்தித்தான் வெப்பாங்க மகள். ஒரே பக்கமா நிண்டா பூமி இழுத்து நேரம் பிசகும். சுத்தினா ஒரு பக்கத்துப் பிழைய மத்தப் பக்கம் சரிக்கட்டும். டூர்பியோன் எண்டு பேர். இருநூறு வருஷத்துக்கு முந்தி ஒராள் யோசிச்சது."

வெள்ளிக்கிழமை மாமா ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தார். தொட்டால் நிற்குமா, விட்டால் திரும்ப ஓடுமா என்று பார்க்க எனக்கு ஆசை. மணிக்கூட்டை மூடியிருந்த கண்ணாடிக் குவளையைத் தூக்கி, தலைப்பின்னைக் கழற்றிக் கூண்டில் வைத்தேன். நின்றது. எடுத்தபோது உள்ளே ஏதோ முறிந்து, முடியைவிட மெல்லிய சுருள் ஒன்றும் பின்னோடு வந்தது. எல்லாவற்றையும் போட்டுவிட்டு அடுப்படிக்கு ஓடினேன்.

தொழுகை முடிந்து வந்த மாமா, அந்தத் தலைப்பின்னோடு அடுப்படிக்கு வந்தார்.

"இது உன்டயா மகள்?"

"ஓம்."

வேறொன்றும் கேட்காமல் அதை என் தலையில் குத்திவிட்டார்.

மாமாவின் முகத்தைப் பார்த்து உம்மா என்னவென்று கேட்டபோது, "என்ட கை தவறிட்டு ராத்தா. கூண்டுட அச்சு முறிஞ்சிட்டு" என்றார்.

"அப்ப சுவிஸ்காரனுக்கு என்னத்தக் காட்டப்போறாய்?"

மறுகிழமை சுவிற்சர்லாந்து மணிக்கூட்டுப் பட்டறையொன்றிலிருந்து வேலைக்கு ஆள் எடுக்க வரவிருந்தார்கள். சொந்தக் கையால் செய்ததைக் காட்ட வேண்டும். முறிந்ததைத் திரும்பச் செய்ய மாதங்கள் பிடிக்கும்.

மாமா அந்த நேர்முகத்துக்குப் போகவில்லை. கட்டாருக்கும் திரும்பவில்லை. கல்முனை பஸாரில் சின்னக் கடை போட்டு, இன்றும் மணிக்கூடுகளுக்கு பற்றரி மாற்றுகிறார். மாப்புக் கேட்க எத்தனையோ தடவை அந்தக் கடை வாசல் வரை போயிருக்கிறேன். "வா மகள், தேத்தண்ணி குடி" என்பார். குடித்துவிட்டு வந்துவிடுவேன்.

அவருடைய பயணம் நின்றுபோன கிழமை, உம்மா சரியாகச் சாப்பிடவில்லை. நானோ பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அமர்ந்திருந்த வாங்கு வாங்காகப் போய், எங்கள் மாமா இனி எங்கேயும் போகமாட்டார் என்று எல்லோரிடமும் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.