பெரியவரின் முதல் கடி

என் வீட்டுக்காரர் பல் செய்கிறவர். பல் டாக்டர் இல்லை. இந்த வித்தியாசத்தை எல்லோருக்கும் சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் வலித்துவிட்டது. டாக்டர் வாயைப் பார்த்து அளவெடுத்து அனுப்புவார். இவர் இரண்டு தெரு தள்ளி ஒரு மாடியறையில் உட்கார்ந்து, அந்த அளவுக்கு பிளாஸ்டரில் அச்சு வார்த்து, பல்செட் செய்து கொடுப்பார். இந்தப் பக்கத்தில் பாதிப் பேர் தான் செய்த பல்லால்தான் சிரிக்கிறார்கள் என்பார். நான் அதில் பாதியைக் கழித்துக்கொள்வேன்.

இவருடைய அண்ணன் எங்களோடுதான் இருக்கிறார். பழைய சாமான் கிடங்கு ஒன்றில் முப்பது வருஷம் ஏலம் விட்டவர். 'மைக்' என்றுதான் அங்கே எல்லோரும் கூப்பிட்டார்கள். ஓய்வு பெற்ற பிறகும் வாய் ஓயவில்லை. சாப்பாட்டு மேஜையில் ஒரே ஒரு துண்டு மிஞ்சினால் போதும், கரண்டியால் தட்டைத் தட்டி, "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று ஆரம்பித்துவிடுவார். எனக்குச் சில நாள் எரிச்சலாகக்கூட இருக்கும்.

ஈறு கெட்டுப்போய் அவருடைய பற்களை எல்லாம் எடுக்க வேண்டி வந்தது. புண் ஆறும்வரை பாலில் ஊறிய ரொட்டிதான். அந்த நாட்களில் என் போனை வாங்கி ஒரே வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்ப்பார். அடுப்பில் ஒரு வாணலி, அதில் சீஸ் உருகி, குழல் குழலாகப் பாஸ்தா, கரண்டியைத் தூக்கினால் மெதுவாக வழிகிற வெள்ளைக் குழம்பு. பத்தே நிமிஷச் சமையல். பல் வந்ததும் முதல் கடி இதில்தான் என்று அறிவித்துவிட்டார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

பல்லும் வந்தது. இவர் மூன்று வாரம் மாலை நேரமெல்லாம் உட்கார்ந்து செய்தார். கூலிக்குச் செய்கிற பல்லுக்கு இவ்வளவு பாலிஷ் போட்டு நான் பார்த்ததில்லை. அண்ணன் மாட்டிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்து, "கச்சிதமா இருக்குடா" என்றார். இவருக்குத் தலைகால் புரியவில்லை. மீட்டர் கணக்கெடுக்க வந்தவர் முன்னால்கூட அண்ணனை நிறுத்தி, "அண்ணே, கொஞ்சம் சிரிங்க" என்று சொல்லிக் காட்டினார். அண்ணனும் பாவம், கேட்டபோதெல்லாம் சிரித்தார்.

ஆனால் அந்தப் பாஸ்தாவைப் பற்றி அதன்பிறகு பேச்சே இல்லை. பெரியவர் தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். பேச்சும் குறைந்துவிட்டது. ஆறு வாரமாக எங்கள் வீட்டில் எதுவும் ஏலம் போகவில்லை.

எனக்கு லாண்டரிக் கடையில் கவுண்ட்டர் வேலை. வருகிற சட்டைப் பையை எல்லாம் துழாவிப் பார்த்துவிட்டுத்தான் மெஷினுக்கு அனுப்புவோம். துழாவுகிற கை வீட்டில் மட்டும் சும்மா இருக்குமா? ஒரு மத்தியானம் தண்ணீர் கொடுக்கிற சாக்கில் அவர் அறைக்குள் எட்டிப் பார்த்தேன். பெரியவர் பாலில் ரொட்டியை நனைத்துக்கொண்டிருந்தார். பல்செட் ஜன்னலோரத்தில் கண்ணாடி டம்ளருக்குள் கிடந்தது.

இவரிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்று அப்புறம் தோன்றியது, முகம் அப்படி விழுந்துபோனது. நேரே போய்க் கேட்டார். பதில் பழையபடி கச்சிதம்தான். அன்று ராத்திரி என்னிடம், "ஞாயித்துக்கெழமை அந்தப் பாஸ்தாவ நானே செய்யப்போறேன்" என்றார். "அதையும் அவர் தொடலேன்னா, நான் செஞ்சது பல்லு இல்ல, பொம்மை."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவர் அடுப்படிக்கு வந்தது காபி கேட்கத்தான். ஞாயிற்றுக்கிழமை பட்டறையிலிருந்து சின்னத் தராசோடு வந்து நின்றார். நான் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். இதைவிட நல்ல பொழுதுபோக்கு எனக்கு அன்று கிடைக்கப்போவதில்லை.

உப்புத் தண்ணீரில் பாஸ்தாவை வேகவைத்தார். வெந்ததும் வடித்தார். அந்தத் தண்ணீரில் ஒரு டம்ளர் எடுத்து வைக்கச் சொன்னேன், அழுக்குத் தண்ணீர் எதற்கு என்று கொட்டிவிட்டார். இவர் தொழிலில் கலங்கிய தண்ணீருக்கு மரியாதை இல்லை. பிறகு ஆறிய பாலில் மைதாவை விரல் நுனியால் தூவினார். கலக்கவில்லை. மாவு தானாக நனைந்து அடியில் போகும்வரை காத்திருந்து, அப்புறம்தான் கரண்டியை வைத்தார். பிளாஸ்டரை அப்படித்தான் கலப்பார்களாம். நான் நம்பவில்லை. ஆனால் அடுப்பில் வைத்துக் கிளறியபோது ஒரு கட்டிகூட இல்லை. என் கையில் என்றைக்கும் நாலு கட்டியாவது வரும். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

வெண்ணெய் போட்டார், மிளகுத்தூள் போட்டார், துருவிய சீஸை வீடியோவில் சொன்ன அளவுக்கு இரண்டு மடங்கு போட்டார். பாஸ்தாவைக் கொட்டிக் கிளறினார். வாசனைக்கு எனக்கே பசித்தது. தட்டை நீட்டினேன். இவர் தட்டை வாங்காமல், எல்லாவற்றையும் ஒரு தட்டையான தட்டில் பரப்பி, குமிழி போக மேஜையில் நாலு தட்டுத் தட்டிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்.

"என்ன பண்றீங்க? சூடா இருக்கும்போதே சாப்பிடணும்."

"இறுகாம எதையும் கையில குடுக்கக் கூடாது" என்றார் இவர். பிளாஸ்டரோடு முப்பது வருஷப் பழக்கம், பதினைந்து நிமிஷம் அசையவில்லை.

பாஸ்தா நன்றாகவே இறுகிவிட்டது. கரண்டி இறங்காமல் கத்தியால் வெட்ட வேண்டியதாயிற்று. செங்கல் மாதிரி ஒரு துண்டு பெரியவர் தட்டில் உட்கார்ந்தது. தம்பி முதன்முதலாகச் சமைத்திருக்கிறான் என்றதும் அவரால் அறைக்குப் போக முடியவில்லை. பல்லை மாட்டிக்கொண்டு மேஜையிலேயே உட்கார்ந்தார். துண்டை அப்படியே எடுத்து, வாய் நிறைய வைத்து, கடித்தார்.

பாதிக் கடியில் நின்றுவிட்டார். கண் கலங்கியது. எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, துண்டை வெளியே எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். வயிறு சரியில்லை என்று முணுமுணுத்தார். எனக்கு இவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

இவரோ அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதைக் கையில் எடுத்தார். ஐயோ, எச்சில் என்று நான் சொல்வதற்குள் ஜன்னல் வெளிச்சத்துக்குப் போய்விட்டார். மேலே பார்த்தார், கீழே புரட்டிப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து லென்ஸை எடுத்துக் கண்ணில் வைத்தார். அருவருப்பையும் மீறி நானும் எழுந்து போய் எட்டிப் பார்த்தேன்.

இறுகிய சீஸில் பல் வரிசை முழுவதும் தெளிவாகப் பதிந்திருந்தது. இடது பக்கம் கடைவாய்ப் பல் கிட்டத்தட்ட அடிவரை இறங்கியிருந்தது. வலது பக்கம் சும்மா தொட்டிருந்தது, அவ்வளவுதான். எனக்கே புரிந்தது. கடிக்கும் ஒவ்வொரு தடவையும் முழுப் பாரமும் அந்த ஒரு பக்க ஈறில்தான் இறங்கியிருக்கிறது.

"இடது பக்கம் உயரமா இருக்கு" என்றார் இவர். குரலே எழும்பவில்லை. "ஆறு வாரமா வலிச்சிருக்கு. ஏண்ணே சொல்லல?"

பெரியவர் மேஜை விரிப்பை நீவிவிட்டார்.

"நீ ஒவ்வொருத்தர்கிட்டயா காட்டிக்கிட்டிருந்தே. சின்ன வயசுலகூட உன்னை அவ்வளவு சந்தோஷமா நான் பாத்ததில்லடா. ஒரு பல்லு வலிக்குதுன்னு சொல்லி அதைக் கெடுக்கணுமா?"

இவர் கையை நீட்டினார், அண்ணன் பல்செட்டைக் கழற்றி அந்தக் கையில் வைத்தார். கழுவி, டிபன் டப்பாவில் போட்டுக்கொண்டு, செருப்பைக்கூட மாற்றிப் போட்டபடி பட்டறைக்கு ஓடினார்.

ஒரு மணி நேரத்தில் அந்த இடது பக்கத்தைத் தேய்த்துக் குறைத்துக்கொண்டு திரும்பி வந்தார். மாட்டச் சொன்னார். நீல மைத்தாளைப் பல்லுக்கு நடுவில் வைத்துக் கடிக்கச் சொன்னார், கறை விழுந்த இடத்தை மட்டும் கையிலிருந்த சின்ன அரத்தால் ஒரு இழை தேய்த்தார். மறுபடி கடி, மறுபடி தேய்ப்பு. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நீலம் விழுகிறவரை விடவில்லை. ஆறு வாரத்துக்கு முன்னால் செய்திருக்க வேண்டியது, அந்தக் 'கச்சிதம்' காதில் விழுந்ததும் மறந்துபோன வேலை.

பிறகு மறுபடி அடுப்பைப் பற்றவைத்தார். இந்தத் தடவை பாஸ்தா வெந்த தண்ணீரில் ஒரு டம்ளரைத் தானே எடுத்து வைத்தார். அடுப்பை அணைத்துவிட்டு சீஸைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவினார். கெட்டியாகத் தெரிந்தபோதெல்லாம் அந்தத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டார். குழம்பு இளகிப் பளபளவென்று ஒவ்வொரு குழலின் மேலும் படிந்தது. கொட்டிய தண்ணீருக்குள்தான் வேலையே இருந்திருக்கிறது என்று தனக்குள் வியந்துகொண்டார். நேரம் பார்க்கவில்லை. வாணலியோடு மேஜைக்குத் தூக்கி வந்தார்.

பெரியவர் ஒரு கரண்டி வாயில் போட்டார். இடது பக்கம் மென்றார். நிறுத்தினார். வலது பக்கம் மென்றார். பிறகு இரண்டு பக்கமும். நானும் இவரும் அந்தத் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தோம். விழுங்கினார். இன்னொரு கரண்டி எடுத்தார்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார் இவர்.

அந்தப் பாழாய்ப்போன கச்சிதம் மறுபடி வந்துவிடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது. பெரியவர் தம்பியை ஒரு நிமிஷம் பார்த்தார்.

"பல்லு சரியாயிடுச்சு. இதுலதான் உப்பு பத்தல."

இவர் எழுந்து ஓடினார், உப்பு டப்பாவை எடுத்து வர. ஊரெல்லாம் அந்தப் பல்லைக் காட்டித் திரிந்தபோதுகூட அந்த முகத்தில் இவ்வளவு சந்தோஷம் இருக்கவில்லை.