நோரீனின் வெறுங்கை

ப்ரோக்கன் ஹில் சுரங்க உணவகத்தில் பல்லாண்டுகள் சமைத்த நோரீன் ட்ரெவாஸ்கிஸுக்கு நகைகளில் நாட்டம் இருந்ததில்லை. பழைய உருக்காலைகளில் வார்த்த வெள்ளிப் பாளங்களையே தேடித்தேடிச் சேர்த்தார். அவை கறுத்துப்போனாலும் துலக்கமாட்டார். துலக்கினால் முத்திரையின் விளிம்பு மழுங்கிவிடும். மூலையில் குத்தப்பட்ட அச்சிறு முத்திரையைப் பார்த்தே எந்த ஆலை, எந்தக் காலம் என்று சொல்லிவிடுவார்.

அண்மையில் அவருடைய பார்வையின் நடுப்பகுதி மங்கிவிட்டது. எதிரே இருப்பவரின் காது தெரிந்தது, முகம் தெரியவில்லை. முத்திரைகளை இனி விரல் நுனியால்தான் படிக்க முடியும். ஆனால், சேகரிப்பாளர் சங்கத்தில் எதையும் வெறுங்கையால் தொடக் கூடாது. வியர்வை பட்டால் வெள்ளியில் ரேகை பதிந்துவிடும். அந்த விதியை வகுத்தவர் செயலாளர் செட்ரிக் ரண்டில்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் தேநீர் முடிந்ததும் நோரீன் எழுந்தார்.

"இன்னையோட நான் நின்னுக்கிறேன், செட்ரிக். இந்தப் பருத்திக் கையுறையை மாட்டிக்கிட்டா எனக்கு எல்லாக் கட்டியும் செங்கல்தான்."

"நீ போயிட்டா எங்களுக்கு யாரு கறி வச்ச பாஸ்டி சுட்டுத் தர்றது? உக்காரு."

செட்ரிக் தம் பெட்டியைத் திறந்து, இதுவரை எவரையும் தொடவிடாத பாளத்தை நோரீனின் முன் வைத்தார்.

"உறையைக் கழட்டு. ஈமு முத்திரை. ரெண்டு காலும் இருக்குன்னா இவனுங்க நம்பமாட்டேங்கிறானுங்க."

அந்த ஆலையின் அச்சு பிற்காலத்தில் உடைந்து, ஈமு ஒரு காலை இழந்திருந்தது. அதற்கு முன் வார்த்த பாளங்கள் மிக அரியவை. செட்ரிக்கின் பாளத்தில் முத்திரை கறுப்பேறிக் கிடந்ததால், கண்ணால் பார்த்து எவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

நோரீனின் விரல் ஈமுவின் கழுத்தைத் தொட்டு, வயிற்றைக் கடந்து, கீழே நின்றது. மீண்டும் மேலிருந்து இறங்கியது. ஒரு பொய் சொல்லிச் செட்ரிக்கை மகிழ்வித்திருக்கலாம். ஆனால், தம் விரலை நம்பி விதியையே தளர்த்தியவரிடம் எப்படிப் பொய் சொல்வது?

"ஒத்தக் கால்தான், செட்ரிக்."

பின்வரிசையிலிருந்து ரெக் என்ற உறுப்பினர் கத்தினார்: "ரெண்டு, ரெண்டுன்னு இத்தனை வருஷமா எங்க உசிரை வாங்கினியேய்யா!"

"வாயை மூடு, ரெக்."

செட்ரிக்கின் முகம் நோரீனுக்குத் தெரியவில்லை. அவருடைய சிரிப்பொலி கேட்ட பிறகே மூச்சு வந்தது.

"உறையோடயே விட்டிருக்கணும் உன்னை," என்றார் செட்ரிக்.

"ரொம்ப நன்றிப்பா," என்ற நோரீன், கலங்கிய கண்களைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

"நன்றி கிடக்கட்டும். முதல்ல அந்த ஈரக் கையைத் துடை. அடுத்த கட்டி வருது."