சிதம்பரம் வயலில் எலி வால் தேடிய ஒரு பகல்

2010 ஜனவரி, பொங்கல் முடிந்த வாரம். மார்ச்சில் ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டும், அதற்குள் ஒரு சந்தேகம் தீர வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பயணம். உறவுக்கார எலி இனங்கள் நான்கில், சினைமுட்டையை வளர்க்கும் ஹார்மோனுக்கான மரபணுவை ஒப்பிடுவது என் வேலை. வீட்டில் திரிவது வருடம் முழுக்கக் குட்டி போடுகிறது, வயல் சுண்டெலி மட்டும் அறுப்புக்காலம் பார்த்துப் போடுகிறது. ஏன் என்பதுதான் கேள்வி.

போன வருடம் சிதம்பரம் பக்கத்தில் வாங்கிய முப்பது சுண்டெலி வால்களில் அந்த மரபணு இரண்டு விதமாக வந்தது. ஒரே இனத்துக்குள் இத்தனை வித்தியாசமா என்று துள்ளிக் குதித்து ஒரு அத்தியாயமே எழுதிவிட்டேன். பேராசிரியர் ஒன்றே ஒன்று கேட்டார். "எலியை நீ பார்த்தியாம்மா?" பார்க்கவில்லை. எலி பிடிப்பவர்கள் கறியை எடுத்துக்கொள்வார்கள், மரபணுவுக்கு வால் நுனியே போதும் என்று வாலோடு வந்துவிட்டேன். அத்தனையும் ஒரே இனம்தானா என்ற சந்தேகம் அன்றைக்குத்தான் வந்தது.

கடலூர் துறைமுகத்தில் எங்கள் வீடு, அப்பா படகுக்காரர். காலை 5.40க்குப் பேருந்து. சிதம்பரம் 45 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், பதினெட்டு ரூபாய். (வலது பக்கம் உட்காருங்கள், இடது பக்கம் வெயில் கொளுத்தும்.) சிதம்பரத்தில் இட்லியும் கத்தரிக்காய் கொத்சும் இருபத்திரண்டு ரூபாய். கொத்சுக்காகவே இன்னொரு ஆராய்ச்சி செய்யலாம். 7.30க்கு டவுன் பஸ், காட்டுமன்னார்கோவில் சாலையில் பன்னிரண்டு கிலோமீட்டர், ஐந்து ரூபாய். அப்புறம் வரப்பில் இரண்டு கிலோமீட்டர் நடை.

போன வருடம் வால் கொடுத்த அஞ்சலை அக்கா வயலிலேயே இருந்தார். கணவரும் அவரும் சேர்ந்து எலி பிடிக்கிறார்கள். விஷயத்தைச் சொன்னதும் வரப்பில் இரண்டு எலி வளைகளைக் காட்டினார். ஒன்றின் வாயில் மண் உருண்டை உருண்டையாகக் குவிந்திருந்தது. இன்னொன்று வழித்துவிட்டது போல் சுத்தமாக இருந்தது.

"இது வேற எலி, அது வேற எலிம்மா. பாத்தா ஒண்ணாட்டம்தான் இருக்கும்."

"போன வருஷம் ஒரே கட்டா குடுத்தீங்களேக்கா?"

"ஒரு வயலுக்கு ஒரு கட்டு. வயல்காரரு அப்படித்தான் வால எண்ணிக் கூலி குடுப்பாரு. நீ வாலுதான கேட்ட? எந்த எலின்னு கேக்கலியே."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. மூன்று வருட உழைப்பில் நான் பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்தது அந்த ஒரு அத்தியாயத்தைத்தான். அக்கா அதைக் கவனித்தாரோ என்னவோ, "வா, இப்ப பிரிச்சி எடுத்துக்கலாம்" என்று வளைக்குள் புகைமூட்டும் பானையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். மதியம் இரண்டு மணிக்குள் ஒவ்வொரு வளைக்கும் தனிச் சீட்டு எழுதி இருபது வால் நுனிகளை எரிசாராயத்தில் போட்டுவிட்டேன்.

சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். வலை பிரித்துக்கொண்டிருந்தவர் நிமிரவேயில்லை. "ரகம் பிரிக்காம கூடைய தூக்கினு வந்துட்டியா? நம்ம வூட்டுல பொறந்துட்டு?"

மீனை ரகம் பார்த்துப் போடும் வீட்டில் வளர்ந்தவள் நான்.

இரண்டு வாரத்தில் முடிவு வந்தது. மண் குவித்த வளை பத்தும் ஒரு விதம், சுத்தமான வளை பத்தும் இன்னொரு விதம். ஒன்றுகூட மாறவில்லை. பழைய அத்தியாயத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதுகிறேன், இது நிற்கும் என்ற நம்பிக்கை இருக்கிறது.

இதே வேலையாகப் போகிறவர்களுக்கு: அறுப்பு முடிந்து பத்து நாளுக்குள் போங்கள், உங்கள் பல்கலைக்கழகத் துறையின் அனுமதிக் கடிதத்தைக் கையில் வைத்திருங்கள், வாலை வாங்குவதற்கு முன் வளையைப் பாருங்கள். ஆய்வேட்டின் தலைப்பில் 'நான்கு இனங்கள்' என்றிருந்ததை 'ஐந்து' என்று திருத்திவிட்டேன். அந்த ஐந்தாவதைக் கண்டுபிடித்தவர் அஞ்சலை அக்கா என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறேன்.