வாப்பாவின் கையொப்பம்

கல்பிட்டிப் பக்கத்துச் சிறிய பொது நூலகம் ஒன்றில் சிறுவர் பகுதி என் பொறுப்பில் இருந்தது. சனிக்கிழமைகளில் ஒரு மணி நேரம் கைப்பொம்மைகளை வைத்துக் கதை சொல்வேன்; நடுவில் பாட்டும் ஆட்டமும் உண்டு. இருபது பிள்ளைகள் வருவார்கள், என் மகள் உட்பட. ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடிப்பாடுவது சரியில்லை என்று ஒரு தகப்பன் முறைப்பாடு கொடுத்தார். நூலகக் குழு கூடி, பெற்றோரிடமே கேட்போம் என்று முடிவெடுத்தது. குறைந்தது பாதிப் பேர் சம்மதித்தால்தான் நிகழ்ச்சி தொடரும்.

படிவத்தைத் தயாரித்தது நான்தான். பழக்கதோஷத்தில் கீழே 'தந்தையின் கையொப்பம்' என்று போட்டேன். வேலியில் போன ஓணானை மடியில் விட்ட கதை.

வியாழன் வரைக்கும் நான்கு படிவங்கள்தான் திரும்பி வந்தன. பக்கத்து ஊரான மாம்புரியில் ஒரு தாயிடம் நேரே போய்க் கேட்டேன்.

"புள்ளைக்கு விருப்பம்தான் மிஸ். வாப்பா கத்தார்ல. படிவத்த போட்டோ புடிச்சி அனுப்பினேன், இன்னும் பார்க்கல்ல."

"நீங்க போட்டாப் போதும்."

"ஐயோ, வாப்பாண்டுதானே எழுதி இரிக்கி!"

அடுத்த வீட்டில் தகப்பன் மறுகரைக்கு மீன்பிடித் தொழிலுக்குப் போயிருந்தார். மூன்றாவது வீட்டிலும் இதே கதை. ஒருவர்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது: நான் போட்ட ஒரு சொல்லாலேயே நிகழ்ச்சி நின்றுவிடும்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு குழு மறுபடியும் கூடியது. முறைப்பாடு செய்தவரும் வந்திருந்தார்.

"பதில் வராததெல்லாம் விருப்பமில்லாததுதான்" என்றார் தலைவர்.

"அப்படி இல்ல, ஹாஜியார். உம்மாமாருக்கு விருப்பம். அவங்க போட்டாலும் எடுங்க" என்றேன்.

முறைப்பாட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். கோபமாகப் பேசுவார் என்று நினைத்தேன். "எண்ட புள்ளைய நான் அனுப்பல்ல. மத்தவங்கட புள்ளைகளப் பத்தி நான் கதைக்க வரல்ல. ஆனா ஒண்டு கேக்குறேன் மிஸ், உங்கட மகள்ட படிவம் எங்க?"

என் கைப்பையில்தான் இருந்தது. வெறுமையாக. என் கணவர் குவைத்தில். திங்கட்கிழமையே அனுப்பியிருந்தேன், பதில் வரவில்லை. ஊரிலுள்ள தாய்மாரையெல்லாம் கையொப்பமிடச் சொல்லி வீடு வீடாக அலைந்தவள், என் பிள்ளைக்கு மட்டும் அவருடைய 'ஓம்' என்ற பதிலுக்காகக் காத்திருந்திருக்கிறேன். வெட்கத்தில் முகம் எரிந்தது. அவருக்குப் பிடிக்காவிட்டால் என்ன செய்வது என்ற பயமும் கூடவே இருந்தது.

படிவத்தை மேசையில் வைத்துப் பேனையைத் திறந்தேன். 'தந்தையின்' என்ற சொல்லை வெட்டிவிட்டு என் கையொப்பத்தைப் போட்டேன். தலைவர் அதை வாங்கி மற்றப் படிவங்களோடு சேர்த்து வைத்தார்.

"சரி, உம்மாமாரும் போடட்டும். திங்கள் வரைக்கும் பார்ப்பம்."

மகளுக்கு ஏழு வயது. கணவரின் சம்மதம் இல்லாமல் அவளுக்காக நான் போட்ட முதல் கையொப்பம் அது.